உஷார்! எர்ரர் காட்டாத ஸ்கிரிப்டை நம்பாதீர்கள்

2022 ஏப்ரல் 5, இந்திய நேரப்படி பகல் 1.08 மணி. ஜிரா, கான்ஃப்ளுயன்ஸ் ஆகிய மென்பொருள்களை உலகம் முழுக்க விற்கும் அட்லாசியன் நிறுவனத்தில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியது. 1.31-க்கு நின்றது. அந்த 23 நிமிடத்தில் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் துடைத்தெறியப்பட்டிருந்தன. டிக்கெட், ஆவணம், யாருக்கு என்ன அனுமதி என்ற விவரம், எல்லாம் போயிற்று. ஹேக்கர் வரவில்லை. சர்வர் எரியவில்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிட்டு ஸ்கிரிப்ட் ஓய்ந்தது, அவ்வளவுதான்.

டிக்கெட் மூட, லேபிள் ஒட்ட, திங்கட்கிழமை ரிப்போர்ட் எடுக்க என்று ஒரு பைத்தான் ஸ்கிரிப்டை எழுதிக் கிரானில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களே, உஷார்! இன்று ராத்திரி உட்கார்ந்து எழுதலாம் என்று நினைத்திருப்பவர்களே, நீங்கள் இன்னும் உஷார்! அட்லாசியனில் நடந்தது உங்கள் லேப்டாப்பிலிருந்தும் நடக்கும். அளவு மட்டும்தான் சிறிதாக இருக்கும்.

நடந்ததை அட்லாசியனே பின்னால் விலாவாரியாக எழுதி வெளியிட்டது. படித்தால் வயிற்றைக் கலக்கும். 'இன்சைட்' என்ற செயலியை ஜிராவுக்குள்ளேயே சேர்த்தாகிவிட்டது. தனியாக நின்ற பழைய செயலியை வாடிக்கையாளர் தளங்களிலிருந்து நீக்க வேண்டும். இதுதான் வேலை. நீக்கச் சொன்ன குழு, நீக்கும் குழுவிடம் ஐடி பட்டியலைக் கொடுத்தது. செயலியின் ஐடியைக் கொடுக்க வேண்டிய இடத்தில், அந்தச் செயலி குடியிருந்த தளத்தின் ஐடியைக் கொடுத்துவிட்டது. அழிக்கும் ஏபிஐயோ இரண்டையும் வாங்கிக்கொள்ளும். செயலி ஐடி தந்தால் செயலியை அழிக்கும். தள ஐடி தந்தால் தளத்தையே அழிக்கும். எதை அழிக்கப் போகிறோம் என்று ஒரு வார்த்தை எச்சரிக்காது.

சோதிக்காமல் ஓட்டினார்களா? சோதித்தார்கள், அதுதான் கொடுமை. சக பொறியாளர்கள் ஸ்கிரிப்டைப் படித்தார்கள். எந்த ஏபிஐயை எப்படிக் கூப்பிடுகிறது என்று பார்த்தார்கள். பட்டியலில் இருக்கும் ஐடி எதனுடையது என்று பார்க்கவில்லை. ஸ்டேஜிங்கில் ஓட்டினார்கள். அந்த ஐடிகள் ஸ்டேஜிங்கில் இல்லவே இல்லை, அதனால் தப்பு தெரிய வழியே இல்லை. புரொடக்‌ஷனில் முதலில் 30 தளங்களுக்கு மட்டும் ஓட்டினார்கள். கச்சிதமாக வேலை செய்தது. ஏனென்றால் அந்த 30-ம் குழப்பம் நேர்வதற்கு முன்பே எடுத்து வைத்த சரியான ஐடிகள். அடுத்து ஓட்டியபோது உள்ளே போன பட்டியல் வேறு.

முதல் தளங்கள் மீளவே மூன்று நாள் ஆனது. கடைசித் தளம் மீண்டது ஏப்ரல் 18-ல். நடுவே ஒரு கூத்து: அட்லாசியனிடம் புகார் டிக்கெட் போட வேண்டுமானால் உங்கள் தளத்தின் முகவரி வேண்டும். தளமே அழிந்துபோனவர் எந்த முகவரியைக் கொடுப்பார்? டிக்கெட் மென்பொருள் விற்கிற கம்பெனியிடமே டிக்கெட் போட வழியில்லாமல் நின்றார்கள்.

கோடு தப்பில்லை, பட்டியல்தான் தப்பு என்பதைக் கவனியுங்கள். டிக்கெட் ஸ்கிரிப்டுகள் காலை வாருவது பெரும்பாலும் இப்படித்தான். எர்ரர் வராது, லூப் அழகாக முடியும், கடைசியில் 'டன்' என்று அச்சாகும். யாருடைய டிக்கெட்டை மூடினோம், எதைத் தொடாமல் விட்டோம் என்பது மூன்று வாரம் கழித்து க்ளையன்ட் போன் போடும்போதுதான் தெரியும். சிவப்பு எழுத்தில் பத்து வரி எர்ரர் காட்டி நடுவிலேயே படுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட், ஒரு வகையில் உங்கள் நண்பன்.

ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இருநூறு டிக்கெட்டை ஒவ்வொன்றாகத் திறந்து, லேபிள் மாற்றி, சேமித்து, மூடிப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை ஏன் வருகிறது என்று தெரியும். ஜிராவுக்கு ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கிறது. கிட்ஹப்புக்கு, கிட்லேபுக்கு, ரெட்மைனுக்கு, பக்ஸில்லாவுக்கு என்று தனித்தனியாகவும் இருக்கின்றன. பத்துப் பதினைந்து வரியில் வேலை முடிகிறது. ஆனால் ஜிராவின் திரையிலேயே மொத்தமாக மாற்றும் வசதி இருப்பதைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? நான்கு படி வைத்திருப்பார்கள். கடைசிப் படியில், இத்தனை டிக்கெட், இன்ன மாற்றம், சரிதானா என்று கேட்கும். மெயில் போகட்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யவும் ஒரு கட்டம் இருக்கும். எரிச்சலூட்டும் அந்த நான்கு படியைத் தாண்டிக் குதிக்கத்தான் நாம் ஏபிஐக்குப் போகிறோம். அதனால் அந்தப் படிகள் செய்த வேலையை இனி நீங்கள்தான் செய்தாக வேண்டும். பலரும் செய்வதில்லை.

பட்டியலுக்கே வருவோம். ஜிராவில் தேடும் மொழியில் 'லேபிள் விஐபி அல்லாதவை' என்று எழுதினால், விஐபி லேபிள் இல்லாத எல்லா டிக்கெட்டும் வரும் என்றுதான் யாரும் நினைப்போம். வராது. லேபிளே ஒட்டாத டிக்கெட்டுகள் அந்தப் பட்டியலில் சேராது. 'இன்னாருக்கு ஒதுக்காதவை' என்று கேட்டாலும் அதே கதை. யாருக்குமே ஒதுக்காமல் அனாதையாகக் கிடக்கும் டிக்கெட்டுகள் விட்டுப்போகும். நீங்கள் தேடிப் பிடிக்க நினைத்ததே அந்த அனாதைகளைத்தான் என்றால், ரிப்போர்ட்டில் எல்லாம் சுபமாகவே தெரியும். காலியாக இருப்பதையும் சேர்த்துக் கேட்கிறேன் என்று தனியாக ஒரு நிபந்தனை எழுத வேண்டும்.

கிட்ஹப்பில் வேறு மாதிரியான பொறி. இஷ்யூக்களைக் கொடு என்று ஏபிஐயிடம் கேட்டால் புல் ரெக்வெஸ்டுகளையும் சேர்த்தே கொடுக்கும். கிட்ஹப்பின் கணக்கில் ஒவ்வொரு புல் ரெக்வெஸ்டும் ஓர் இஷ்யூ. இது தெரியாமல் பழைய இஷ்யூக்களை மூடும் ஸ்கிரிப்டை ஓட்டினால், யாரோ ராத்திரியெல்லாம் விழித்து எழுதி அனுப்பிய கோடும் சேர்ந்து மூடப்படும். அனுப்பியவருக்கு ஒரு மெயில் போகும். அதற்குப் பிறகு அவர் உங்கள் புராஜெக்ட் பக்கமே வரமாட்டார். ரெட்மைன் இதற்கு நேர் எதிர். எதுவும் சொல்லாமல் கேட்டால் திறந்திருக்கும் டிக்கெட்டுகளை மட்டும்தான் தரும்; மூடியவையும் வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம். ஒன்றுக்கு எழுதியதைப் பெயர் மாற்றி இன்னொன்றில் ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

அடுத்தது பக்கக் கணக்கு. ஜிரா வழக்கமாக ஒரு தடவைக்கு 50 டிக்கெட் தரும். கிட்ஹப் 30. ரெட்மைன் 25. கிட்லேப் 20. மீதி வேண்டுமென்றால் அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் இவை குறை சொல்லாது. முதல் பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். "என்னப்பா, ஓப்பன் டிக்கெட் வெறும் அம்பதுதானா? பரவாயில்லையே!" என்று மேனேஜர் சந்தோஷப்பட்டால், அந்த அம்பதைச் சந்தேகப்படுங்கள். ரிப்போர்ட்டில் 20, 25, 30, 50, 100 என்று உருண்டையான எண் வந்தாலே காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கோடைத் திறந்து பாருங்கள்.

பக்கம் பக்கமாக வாங்கத் தெரிந்தவர்களையும் கவிழ்க்கும் குழி ஒன்று உண்டு. இதில் விழுந்தவர்களுக்கு விழுந்ததே தெரியாது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். திறந்திருக்கும் 400 டிக்கெட்டை மூட வேண்டும். முதல் 50-ஐ வாங்குகிறீர்கள், மூடுகிறீர்கள். அடுத்து, 'முதல் 50-ஐ விட்டுவிட்டு அடுத்த 50-ஐக் கொடு' என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் மூடிய 50-ம் இப்போது திறந்தவை பட்டியலில் இல்லை. மிச்சமிருக்கும் 350-ல் முதல் 50-ஐ விட்டுவிட்டு அதற்கடுத்த 50 வருகிறது. நடுவிலிருந்த 50 தப்பித்துவிட்டது. இப்படியே போனால் ஒன்றுவிட்டு ஒரு கட்டு மூடப்பட்டு, கடைசியில் 200 டிக்கெட் அப்படியே கிடக்கும். ஸ்கிரிப்ட் 'டன்' சொல்லும். மூடியவற்றில் ஒரு வரிசையும் பார்த்தவுடன் தெரியாது, விட்டதிலும் தெரியாது. ஆகவே யாரும் சட்டென்று கண்டுபிடிக்கமாட்டார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான். முதலில் மொத்த ஐடிகளையும் வாங்கி ஒரு ஃபைலில் எழுதுங்கள். அதற்குப் பிறகு, தனியாக, அந்த ஃபைலைப் படித்து மாற்றங்களைச் செய்யுங்கள். தேடலும் செயலும் ஒரே லூப்புக்குள் இருக்கவே கூடாது.

2025-ல் அட்லாசியன் தன் கிளவுட் ஜிராவின் பழைய தேடல் முகவரியை எடுத்துவிட்டுப் புதிய முகவரிக்கு எல்லோரையும் தள்ளியது தெரியுமா? புதியதில் மொத்தம் எத்தனை என்ற எண்ணே வராது. எத்தனையாவது டிக்கெட்டிலிருந்து வேண்டும் என்று கேட்கவும் முடியாது; ஒவ்வொரு பதிலோடும் ஓர் அடையாளச் சீட்டு வரும், அதைக் காட்டித்தான் அடுத்த பக்கத்தை வாங்க வேண்டும். எந்த விவரம் வேண்டும் என்று சொல்லாவிட்டால் வெறும் ஐடி மட்டும் வரும். பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டில் முகவரியை மட்டும் மாற்றி ஒட்டுப்போட்டவர்கள் கவனிக்க வேண்டும். 'மொத்தம் இருந்தால் எடு, இல்லாவிட்டால் பூஜ்யம்' என்று பைத்தானில் பாதுகாப்பாக எழுதியிருந்தீர்கள் என்றால், அந்தப் பாதுகாப்பே உங்களைக் கவிழ்த்துவிடும். மொத்தம் பூஜ்யம், லூப் ஒரு முறைகூடச் சுற்றாது, நிலுவை ஏதுமில்லை என்று மேலிடத்துக்கு மெயில் போய்விடும். ஏஐயிடம் கேட்டு ஸ்கிரிப்ட் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது கற்ற பாடத்தில் பழைய முகவரிதான் அதிகம். அதையே சளைக்காமல் எழுதித் தரும்.

இதைவிட மோசமான பூஜ்யமும் ஒன்று உண்டு. கிளவுட் ஜிராவில் உங்கள் டோக்கன் காலாவதியானால், நீ யார் என்று கேட்டுத் துரத்தும் என்றுதானே எதிர்பார்ப்போம்? தேடல் விஷயத்தில் பல சமயம் துரத்தாது. உங்களை முகம் தெரியாத பார்வையாளராக நினைத்து, முகம் தெரியாதவருக்குக் காட்டக்கூடியதைக் காட்டும். அதாவது ஒன்றுமில்லை. '200, ஓகே', காலிப் பட்டியல். இனி இது அடிக்கடி நடக்கப் போகிறது. 2024 டிசம்பர் 15 முதல் உருவாக்கும் அட்லாசியன் டோக்கன்களுக்கு அதிகபட்ச ஆயுளே ஒரு வருடம்தான். எனவே எந்த வேலையையும் தொடங்கும் முன் 'நான் யார்?' என்று ஏபிஐயிடம் ஒரு கேள்வி கேட்டு, உங்கள் பெயர் திரும்பி வருகிறதா என்று பார்க்கும்படி எழுதுங்கள். வராவிட்டால் ஸ்கிரிப்ட் கத்திக்கொண்டு சாகட்டும்.

பட்டியல் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆபத்து உங்கள் ஸ்கிரிப்ட் பேசும் பேச்சில் இருக்கிறது. ஜிராவில் வழக்கமாக ஒரு டிக்கெட்டில் ஒரு புள்ளியை மாற்றினாலும் புகார் கொடுத்தவருக்கும், வேலை பார்ப்பவருக்கும், கவனித்து வருபவர்களுக்கும் மெயில் போகும். 400 டிக்கெட், டிக்கெட்டுக்கு ஆறு பேர் என்றால் 2,400 மெயில், இரண்டே நிமிடத்தில், உங்கள் பெயரில். ஜிராவில் மெயிலை நிறுத்த ஒரு குறிப்பு சேர்க்கலாம். ஆனால் நிர்வாகி அனுமதி இருப்பவருக்கு மட்டும்தான் அது பலிக்கும். கிட்ஹப்பில் அந்த வசதியே கிடையாது.

மெயில் வெள்ளமாவது நாலு நாள் கேலியோடு போகும். வேலையையே காவு வாங்கக்கூடியது கமென்ட். வாடிக்கையாளர் சேவைக்கான ஜிராவில் இரண்டு வகைக் கமென்ட் உண்டு: வாடிக்கையாளருக்குத் தெரிவது, நமக்குள் மட்டும் இருப்பது. ஜிராவின் பொது ஏபிஐ வழியாக, எதுவும் குறிப்பிடாமல் கமென்ட் போட்டால் அது வாடிக்கையாளருக்குத் தெரியும் கமென்ட். ஜென்டெஸ்கிலும் அப்படித்தான், தனிப்பட்டது என்று சொன்னால்தான் தனிப்பட்டது. இந்த விஷயத்தில் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்டெஸ்கைப் பாராட்ட வேண்டும். அங்கே 'நோட்' என்று போட்டால், நீங்கள் சொல்லாதவரை அது உள்ளுக்குள்ளேயே இருக்கும். ஒரே ஸ்கிரிப்டை இரண்டு இடத்திலும் ஓட்டுகிறவர் கதியை நினைத்துப் பாருங்கள். 'இவர் மாசாமாசம் இதே பிரச்சினையைக் கிளப்புவார், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் போதும்' என்று எல்-2 டீம் நமக்குள் எழுதிய குறிப்பை ஸ்கிரிப்ட் பழைய சிஸ்டத்திலிருந்து புதிய சிஸ்டத்துக்கு விசுவாசமாகக் கொண்டுபோய், அந்த வாடிக்கையாளரின் இன்பாக்ஸிலேயே போட்டுவிடும்.

பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு ஒரு குணம் உண்டு. நேர வரம்பு நீங்கள் வைக்காவிட்டால் அது வைக்காது. பதிலுக்காக நாள் முழுக்கக் காத்திருக்கும். சரி, வரம்பு வைத்து, பதில் வராவிட்டால் மறுபடி முயற்சி செய் என்றும் எழுதிவிட்டீர்கள். டிக்கெட்டைப் படிப்பதற்கு அது நல்லது. புது டிக்கெட் உருவாக்குவதற்கு அதையே வைத்தால், சர்வர் டிக்கெட்டை உருவாக்கிவிட்டு உங்களுக்குப் பதில் சொல்லத் தாமதித்த ஒவ்வொரு முறையும் இரட்டைப் பிள்ளை பிறக்கும். நேர மண்டலமும் இதே ரகம். சர்வரில் யுடிசி, உங்கள் கணக்கில் இந்திய நேரம், க்ளையன்ட் ஊரில் வேறொன்று. 'நேற்று வந்தவை' என்பதில் ஐந்தரை மணி நேரம் காணாமல் போகும்.

தானாக மூடும் பாட்கள் பற்றி ஒரு வார்த்தை. கிட்ஹப்பின் 'ஸ்டேல்' ஆக்‌ஷன் சொல்லாமல் விட்டால் 60 நாள் அசைவில்லாத இஷ்யூவுக்கு முத்திரை குத்தும்; இன்னும் 7 நாளில் மூடிவிடும். 60 நாள் யாரும் பேசவில்லை என்பதற்காகப் பிழை தானாகச் சரியாகிவிட்டதா என்ன? பார்ப்பதற்கு ஆளில்லை என்பதுதான் அதற்குப் பொருள். என்னைக் கேட்டால், மனிதர் எழுதிய புகாரை மனிதர் படிக்காமல் மூடுவது அலட்சியத்துக்கு ஆட்டோமேஷன் என்று பெயர் வைப்பது. முத்திரை குத்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம். அழிப்பது பற்றிப் பேச்சே வேண்டாம். கிட்ஹப்பில் அழித்த இஷ்யூ திரும்பாது. ஜிராவில் திரையில் அழிக்கப் போனால் இது நிரந்தரம் என்று எச்சரிக்கும். ஏபிஐ அதையும் சொல்லாது. டிக்கெட் ஸ்கிரிப்டில் 'டெலிட்' என்ற சொல் இருந்தால் அதை ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்புங்கள்.

இனி டோக்கன். ஸ்கிரிப்டின் மூன்றாவது வரியில், மேற்கோள் குறிக்குள், நீளமாக ஒரு எழுத்துக்கூட்டம் கிடக்கிறதா? 'பிரைவேட் ரெப்போதானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்களா? 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் பட்ட பாட்டைக் கேளுங்கள். டெவலப்மென்ட் சர்வர் ஒன்றில் வெளியே தெரியும்படி கிடந்த ஒரு கிட்லேப் கான்ஃபிக் ஃபைலில் ஒரு டோக்கன். அதை வைத்து உள்ளே போனால் சோர்ஸ் கோடு. அதற்குள் வேறு பல சாவிகள்; அவற்றில் ஒன்று அவர்களுடைய ஜென்டெஸ்க் டிக்கெட் சிஸ்டத்தின் டோக்கன். ஊடுருவல் வெளியே தெரிந்த பிறகும் அந்தச் சாவியை யாரும் மாற்றவில்லை. முன்பு எப்போதோ உதவி கேட்டு எழுதியவர்களுக்கு, அதே ஜென்டெஸ்க் வழியாக, ஊடுருவியவரிடமிருந்து பதில் வந்தது: 2018 முதல் வந்த எட்டு லட்சத்துக்கும் மேலான டிக்கெட்டுகள் என் கைக்கு எட்டும், சாவியை இன்னும் மாற்றவில்லை என்று.

டிக்கெட்டில் அப்படி என்ன இருக்கப் போகிறது என்று கேட்பவர்களுக்கு மொஸில்லாவின் 2015 அனுபவம். பக்ஸில்லாவில் உயர் அனுமதி வைத்திருந்த ஒருவர் அதே பாஸ்வேர்டை வேறொரு தளத்திலும் வைத்திருந்தார். அந்தத் தளம் உடைந்தது. வெளியில் தெரியாத 185 பிழைகளின் விவரம் திருட்டுப் போனது. அதில் 53 கடுமையான பாதுகாப்பு ஓட்டைகள். குறைந்தது ஒரு வருடமாக ஆள் உள்ளே இருந்திருக்கிறார். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்தியவர்களைத் தாக்க அந்த ஓட்டைகளில் ஒன்று பயன்பட்டது. இன்னும் சரிசெய்யாத குறைகளின் பட்டியலைவிடத் திருடனுக்கு வேறென்ன வேண்டும்? கிட்ஹப்பின் பழைய பாணி டோக்கனில் 'ரெப்போ' என்று ஒரு கட்டத்தை டிக் செய்தால், நீங்கள் தொடக்கூடிய எல்லா ரெப்போக்களுக்கும் படிக்கவும் எழுதவும் அனுமதி போய்விடும். ஒரு லேபிள் மாற்ற வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுக்காதீர்கள். ஒரு ரெப்போ, இஷ்யூ மட்டும் என்று குறுக்கித் தரும் புதிய டோக்கன் வந்தாகிவிட்டது.

பிப் இன்ஸ்டால் செய்யும்போதும் கண்ணைத் திறந்து வையுங்கள். இரட்டை டிக்கெட்டுகளைக் கண்டுபிடிக்கத் தலைப்புகளை ஒப்பிட நினைப்பவர்கள் தேடிப் போகும் லைப்ரரிகளில் ஒன்று 'ஜெல்லிஃபிஷ்'. அதே பெயரில், சிறிய 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் பெரிய 'ஐ' வைத்து ஒரு போலி, பிஐபிஐயில் 2018 டிசம்பரிலிருந்து ஒரு வருடம் உட்கார்ந்திருந்தது. திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதை இறக்கியவர்களின் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் ஜிபிஜி சாவிகளையும் அது திருடியது.

இன்னொன்று. டிக்கெட்டின் தலைப்பை எழுதுவது நீங்கள் இல்லை. யார் யாரோ எழுதுகிறார்கள். அந்தத் தலைப்பை அப்படியே எடுத்து ஷெல் கட்டளைக்குள் ஒட்டி ஓட்டினால், தலைப்பு எழுதியவர் உங்கள் மெஷினில் கட்டளை போடுகிறார் என்று அர்த்தம். 2024 டிசம்பரில் அல்ட்ராலிட்டிக்ஸ் என்ற பிரபலமான பைத்தான் பேக்கேஜுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அங்கே தலைப்புக்குப் பதில் கிளையின் பெயர். கட்டளை ஒளித்த பெயரோடு ஒரு புல் ரெக்வெஸ்ட். அதைத் தானாகக் கையாண்ட ஆட்டோமேஷன் அந்தப் பெயரை ஷெல்லுக்குள் விட்டது. கடைசியில் கிரிப்டோ மைனர் ஒளிந்த பேக்கேஜ் பிஐபிஐயில் ஏறியது. டிக்கெட்டைப் படித்து வேலை செய்ய ஏஐ ஏஜென்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெல்கூட வேண்டாம். பொது ரெப்போவில் ஓர் இஷ்யூ எழுதி, அதைப் படிக்கும் ஏஜென்டைக் கொண்டே தனி ரெப்போவின் விவரங்களை வெளியே கொட்ட வைக்கலாம் என்று 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள்.

இதையெல்லாம் தாண்டி நன்றாக ஓடும் ஸ்கிரிப்டுகளும் உலகில் இருக்கின்றன. சுட்டுக்கொண்ட அதே மொஸில்லாவிடம் 'பக்பாட்' என்று ஒன்று உண்டு, பைத்தானில் எழுதியது. ஆயிரக்கணக்கான பிழைகளை மேய்த்து, தூங்குகிறவர்களை மெயில் போட்டு எழுப்புவது அதன் வேலை. அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று: சும்மா ஓட்டினால் அது எதையும் மாற்றாது, யாருக்கும் மெயில் அனுப்பாது. தேடி, யாருக்கு என்ன போகும் என்று திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். 'புரொடக்‌ஷன்' என்ற சொல்லைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டினால்தான் நிஜமாகச் செய்யும். நம்மில் பலர் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். ஒத்திகைக்குத் தனிச் சொல், நிஜத்துக்கு வெறும் என்டர். அவசரத்தில் கை தட்டுவது எதை என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்றே உங்கள் ஸ்கிரிப்டைத் திறந்து அதைத் திருப்பிப் போடுங்கள். திறந்த கையோடு, மாற்றப்போகும் ஐடி, தலைப்பு, இப்போதைய நிலை மூன்றையும் ஒரு ஃபைலில் எழுத வையுங்கள். தப்பானால் திரும்ப வழி அதுதான். அந்த ஃபைலிலிருந்து ஏழெட்டு ஐடியை எடுத்துப் பிரவுஸரில் திறந்து கண்ணால் பாருங்கள்; பட்டியலின் தலையிலிருந்து மட்டும் எடுக்காமல் நடுவிலிருந்தும் வாலிலிருந்தும் எடுங்கள். அட்லாசியனில் முதல் 30 சரியாகத்தான் இருந்தது, மறக்காதீர்கள். எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்: வழக்கமாக நாற்பது டிக்கெட் வரும் வேலையில் திடீரென்று நானூறு வந்தால் ஸ்கிரிப்ட் ஒன்றையும் தொடாமல் நிற்கட்டும். பூஜ்யம் வந்தாலும் நிற்கட்டும். 'எக்ஸப்ட்' போட்டு உள்ளே 'பாஸ்' எழுதியிருக்கிறீர்களா? முதலில் அதை அழியுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, இதற்குக் கோடு எழுத வேண்டியதில்லை. உங்கள் டீமில் நோட்டீஸ் பீரியடில் இருப்பவர் யார்? அவருடைய டோக்கனில் எந்தெந்த ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்று அவர் கிளம்புவதற்குள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் கணக்கு மூடப்படும் நாளில் அவையும் நிற்கும். சில நிற்காமல், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, காலிப் பட்டியலை வாங்கிக்கொண்டு, எல்லாம் நலம் என்று மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும்.